சத்யம் ஷேரும் சேமநிதியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரியில் முருகன் தரிசனம் முடித்துப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். நம் சங்கத்து இளைஞர் ஒருவர் பின்னாலேயே வந்து, "அண்ணா, உங்களிடம் ஒரு யோசனை கேட்கவேண்டும்" என்று நிறுத்தினார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. நான்கு வருஷங்களாக மாதாப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறார். கலியாணமாகி ஒரு வருஷம் ஆகிறது, வீட்டில் விசேஷம். ஊரில் தாயார் இருக்கிறார். வீட்டின்மேல் கடன் இருக்கிறது.

அவர் கேட்ட யோசனை இதுதான். அவருடைய சேமநிதிக் கணக்கில் ஆறு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேலே சேர்ந்திருக்கிறது. அதில் மூன்று லட்சத்தை எடுத்து, தாம் வேலை செய்யும் கம்பெனியின் ஷேரையே வாங்கிவிடலாமென்று நினைக்கிறார். ஷேர் விலை இறங்கியிருக்கிறதாம். செயற்கை அறிவு என்ற புதிய துறையில் கம்பெனி பெரிய ஆர்டர் ஒன்றைப் பிடிக்கப்போகிறதாம். உள்ளே இருப்பவனுக்குத் தெரியாதது வெளியே இருப்பவனுக்கா தெரியப்போகிறது என்றார்.

இந்தக் கேள்வியை என்னிடம் ஏன் கேட்கவேண்டும் என்று வாசகர்கள் நினைக்கலாம். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், ரயில்வேயில் குமாஸ்தா. பொருளாதாரமெல்லாம் படித்தவனல்லன். ஆனால் ஓய்வு பெறுபவர்களின் கணக்குத் தீர்க்கும் பகுதியில் பல வருஷங்களாக உட்கார்ந்திருக்கிறேன். முப்பது, முப்பத்தைந்து வருஷம் உழைத்த மனிதர் ஒருவர் கடைசி நாளில் மாலையும் கழுத்துமாக வந்து என் மேஜைக்கு எதிரே நின்று, "நமக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்கும் கேள்வியை மாதந்தோறும் கேட்டுவருகிறேன். அந்தப் பழக்கத்தால் சங்கத்தில் பலரும் இத்தகைய விஷயங்களுக்கு என்னை அணுகுவது வழக்கமாகிவிட்டது. மேலும் என் வீட்டிலேயே இதற்கு ஒரு பாடம் நடந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த இளைஞரிடம் நான் முதலில் சொன்னது, இந்த ஊர்க் கதையைத்தான். 2009 இல் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. ஹைதராபாத்தில் வசிக்கும் நம்மவர் ஒருவர், அதிலும் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர், சத்யத்தின் கதையை அறியாமல் ஷேர் வாங்கக்கூடாது என்பது என் கட்சி.

சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்ற கம்பெனியை 1987 இல் பி. ராமலிங்க ராஜு என்பவர் இந்த நகரில் தொடங்கினார். 1998 இல் ஹைடெக் சிட்டியில் சைபர் டவர்ஸ் எழும்பியபோது, ஹைதராபாத் என்றால் சார்மினாரும் பிரியாணியும் மட்டுமல்ல என்று உலகுக்குக் காட்டிய பெயர்களில் சத்யமும் ஒன்று. 2001 இல் அதன் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையிலும் ஏறின. 2008 இல் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் அதில் வேலை செய்தார்கள். 108 என்று கூப்பிட்டால் வந்து நிற்கும் ஆம்புலன்ஸ் சேவை 2005 இல் முதன்முதல் தொடங்கியது இவ்வூரில். அதைத் தொடங்கி வைத்தவரும் அதே ராஜுதான். இப்படிப்பட்டவர் நடத்தும் கம்பெனியைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? 2008 செப்டம்பரில் கம்பெனி நிர்வாகத்தைச் சிறப்பாக நடத்துவதற்கென்று வழங்கப்படும் தங்கமயில் விருதும் அதற்குக் கிடைத்தது. பெயரோ சத்யம்!

அந்த வருஷம் டிசம்பர் 16 ஆம் தேதி, மைதாஸ் என்ற பெயர் கொண்ட இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலர் கொடுத்து வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. அவை கட்டட வேலையும் நில வியாபாரமும் செய்பவை. ராஜுவின் புதல்வர்கள் நடத்தியவை. சத்யம் என்ற பெயரை ஆங்கில எழுத்துக்களில் கடைசியிலிருந்து முன்னாக வாசித்தால் மைதாஸ் என்று வரும். கம்ப்யூட்டர் கம்பெனிக்கு நிலமும் சிமெண்டும் எதற்கு என்று பங்குதாரர்கள் கொதித்தெழுந்தார்கள். சில மணி நேரத்துக்குள் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. (அப்போது ஹைதராபாத் மெட்ரோ ரயில் காண்ட்ராக்டும் மைதாஸிடம்தான் இருந்தது. பிறகு அது கைமாறி, 2017 நவம்பரில்தான் முதல் வண்டி ஓடியது.)

மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 ஆம் தேதி காலையில், ராஜு தம் டைரக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ரொக்கமும் பாங்க் இருப்பும் என்று காட்டியிருந்தது 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அக்கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அதற்கு முந்திய செப்டம்பரோடு முடிந்த மூன்று மாதத்தில் 649 கோடி லாபம் என்று காட்டியிருந்தார்கள். உண்மையில் 61 கோடிதான். அதாவது நூற்றுக்கு 24 என்று சொன்ன இடத்தில் நூற்றுக்கு 3. சிறிய வித்தியாசமாகத் தொடங்கியது வருஷா வருஷம் வளர்ந்துவிட்டது என்றும், இல்லாத பணத்துக்குப் பதிலாக இருக்கும் சொத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கே மைதாஸ் ஏற்பாட்டைச் செய்ததாகவும் அவர் எழுதினார். புலி வாலைப் பிடித்தவன் கதை என்று நம் பாட்டிமார் சொல்வதைத்தான் அவர் தம் பாஷையில் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்திய நாள் 179 ரூபாய் விலையிலிருந்த பங்கு, அன்று சாயங்காலம் 40 ரூபாய் அளவுக்கு வந்து நின்றது. இரண்டு நாள் கழித்து ஒரு கட்டத்தில் 7 ரூபாய்க்கும் கீழே போயிற்று. அதே பங்கு 2008 மே மாதத்தில் 540 ரூபாயைத் தாண்டியிருந்தது என்பதை நினைக்கவேண்டும். எனக்கு அப்போது இருபது வயதிருக்கும். சில்கல்குடா டீக்கடையில் ஒரு தெலுங்குப் பத்திரிகையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று மௌனமாக வாசித்துக்கொண்டிருந்த காட்சி இன்னும் கண்முன் நிற்கிறது. ஷேர் என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பத்துப் பேரின் முகத்தைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் இறந்துவிட்டார் போலும் என்று எண்ணினேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசாங்கம் பழைய டைரக்டர் குழுவைக் கலைத்துப் புதிய குழுவை நியமித்தது. தீபக் பாரேக், கிரண் கார்னிக் முதலியோர் அதில் இருந்தார்கள். நம் சென்னையைச் சேர்ந்த ஆடிட்டர் டி. என். மனோகரன் அவர்களும் அதில் ஒருவர் என்பது நமக்குப் பெருமை. இவர்கள் கம்பெனியை மூடவிடாமல், ஊழியர்களின் சம்பளத்தையும் நிறுத்தாமல், மூன்று மாதத்தில் ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா, பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் என்று கேட்டு எடுத்துக்கொண்டது. 2013 இல் சத்யம் அதனோடு முழுவதும் இணைந்தது. 2015 ஏப்ரல் 9 ஆம் தேதி ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உட்படப் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது. ராஜுவுக்கு ஏழு வருஷச் சிறை. மேல்முறையீட்டின்பேரில் மே மாதத்தில் அவர்கள் ஜாமீனில் வந்தார்கள்.

இளைஞர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, அது மோசடி. எங்கள் கம்பெனி அப்படியல்ல" என்றார். நியாயமான பதில்தான். எல்லாக் கம்பெனியும் சத்யமல்ல. ஆனால் நான் இக்கதையைச் சொன்னது மோசடிக்காக மட்டுமல்ல, விலைக்காகவும் சொன்னேன். கோயில் வாசலில் அமர்ந்து, அர்ச்சனைச் சீட்டின் பின்புறத்தில் ஒரு கணக்குப் போட்டோம். அதை அப்படியே இங்கே தருகிறேன்.

2008 இல் ஒருவர் 500 ரூபாய் வீதம் 100 சத்யம் பங்குகளை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட முதல் 50,000 ரூபாய். அவர் விற்கவே இல்லை. 2013 இல் இணைந்தபோது 17 சத்யம் பங்குக்கு 2 டெக் மகிந்திரா பங்கு கொடுத்தார்கள். அவருக்கு 11 பங்கும் சில்லறையும் வந்திருக்கும். 2015 இல் டெக் மகிந்திரா ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்து, பங்கை இரண்டாகவும் பிரித்தது. ஆகவே 11 என்பது 44 ஆயிற்று. 2025 இல் பங்கின் விலை சுமார் 1,500 என்று வைத்தால், 66,000 ரூபாய். பதினேழு வருஷம் காத்ததற்குப் பதினாறாயிரம் லாபம். டிவிடெண்ட் இதில் சேரவில்லை. அதே 50,000 ரூபாயைத் தபாலாபீஸில் பொதுச் சேமநிதியில், அதாவது பி.பி.எஃப். கணக்கில், போட்டிருந்தால் அது மூன்று மடங்கைத் தாண்டி வளர்ந்திருக்கும். அக்காலத்தில் வருஷத்துக்கு 70,000 வரை அதில் போடலாம். ஆகவே வரம்பும் குறுக்கே நின்றிராது.

இப்போது இன்னொருவரைப் பார்ப்போம். அவர் 2009 இல், எல்லோரும் ஓடியபிறகு, 58 ரூபாய் வீதம் 10,000 ரூபாய்க்கு அதே பங்கை வாங்கினார். 172 பங்கு, அது 20 ஆகிப் பிறகு 80 ஆகி, 1,500 ரூபாய் விலையில் 1,20,000 ரூபாய். பன்னிரண்டு மடங்கு! ஒரே கம்பெனி, ஒரே ஷேர். பத்து மாதத்தில் வாங்கிய விலை மட்டும் வேறு. ஆயினும் இரண்டாமவர் செய்தது புத்திசாலித்தனம் என்று சொல்ல என் நா எழவில்லை. கம்பெனி பிழைக்குமா என்று யாருக்கும் தெரியாத நாட்கள் அவை. பத்தாயிரமும் போனால் போகட்டும் என்ற மனமுடையவர் மட்டும் செய்யக்கூடிய காரியம் அது. பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தை வைத்துச் செய்யக்கூடியதல்ல.

நல்ல கம்பெனிகளிலும் இதே நியாயந்தான். இன்போசிஸ் 1993 இல் 95 ரூபாய்க்குப் பங்கு விற்றபோது வாங்க ஆளில்லை. வெளியீடு முழுவதும் விலைபோகவில்லை. அன்று நூறு பங்கு வாங்கி மறந்துபோனவர் இன்று கோடிகளுக்கு அதிபதி. ஆனால் 2000 ஆம் வருஷத் தொடக்கத்தில், கம்ப்யூட்டர் பங்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய காலத்தில், அதே இன்போசிஸை உச்ச விலைக்கு வாங்கியவர் போட்ட பணத்தை மறுபடி பார்க்கப் பல வருஷம் காத்திருந்தார். கம்பெனி மோசமா? இல்லை, வருஷந்தோறும் வளர்ந்தது. வாங்கிய விலைதான் மோசம். அண்டை வீட்டாரும் ஆபீஸ் நண்பர்களும் ஒரே பெயரைச் சொல்லிப் புகழும் வேளையில், அந்தப் புகழ் முழுவதும் விலையிலே ஏறிவிட்டிருக்கும் என்பதை நம்மைப்போன்றவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

என் வீட்டுப் பாடமும் அந்த 2000 ஆம் வருஷத்தைச் சேர்ந்ததுதான். என் மாமனார் லாலாகூடா ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து 1999 இல் ஓய்வு பெற்றவர். சேமநிதி, பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்ந்து வந்த தொகையில் இரண்டு லட்சத்தை ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் பங்கில் போட்டார். அக்கம்பெனியின் பெயர் எதற்கு? இன்று அது இல்லை. ஆறு மாதத்தில் இரண்டு லட்சம் மூன்றரை லட்சம் ஆயிற்றாம். வீடு முழுவதும் சந்தோஷம். விற்றுவிடுங்கள் என்று மாமியார் சொன்னாராம். ஐந்து ஆகட்டும் என்றாராம் இவர். ஒரு வருஷத்தில் அது இருபதாயிரத்துக்கு வந்தது. பிறகு விலை சொல்லவே ஆளில்லை. என் மனைவியின் அக்காவுக்கு நிச்சயித்திருந்த கலியாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று. மாமனார் அந்தப் பங்குப் பத்திரத்தை இன்றும் பெட்டியில், மாமியாரின் கூறைப்புடவைக்குக் கீழே வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஆனாலும் அக்குடும்பம் நிலைகுலையவில்லை. காரணம், மாதம் முதல் தேதி தவறாமல் பென்ஷன் வந்தது. விழுந்தவரைத் தாங்கக் கீழே ஒரு வலை இருந்தது. நம் காலத்துக்கும் அவர் காலத்துக்கும் உள்ள பேதம் இங்கேதான் இருக்கிறது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசாங்க வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, என்.பி.எஸ். என்னும் தேசியப் பென்ஷன் திட்டம்தான். நான் 2012 இல் சேர்ந்தவன். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்குப் பத்து என்னிடம் பிடிக்கிறார்கள். அரசாங்கம் முதலில் பத்தும், 2019 ஏப்ரல் முதல் பதினான்கும் போட்டுவந்தது. அப்பணம் கடன் பத்திரத்திலும் பங்கிலும் முதலீடாகிறது. எவ்வளவு விளையும் என்று எவரும் உறுதி தரவில்லை. அறுபது வயதில் அறுபது சதவீதத்தைக் கையில் வாங்கலாம். எங்களுக்கு நாற்பது சதவீதத்தில் மாதாந்தர வருமானம் வாங்கியே தீரவேண்டும்.

2025 ஏப்ரல் 1 முதல் யு.பி.எஸ். என்ற ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டம் வந்தது. இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் இருந்தால், கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி. பத்து வருஷம் இருந்தால் குறைந்தது 10,000 ரூபாய். இதா, அதா என்று எழுதித் தர ஜூன் முடிய என்று முதலில் சொல்லி, செப்டம்பர் என்று தள்ளி, நவம்பர் 30 என்று முடித்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் ஆபீஸில் வேறு பேச்சே கிடையாது. காண்டீனில் பேப்பரும் பென்சிலுமாக வாதம். சந்தை நூற்றுக்குப் பத்து வீதம் வளர்ந்தால் என்.பி.எஸ். மேல் என்றார் ஒருவர். வளராவிட்டால் என்றார் இன்னொருவர். எங்கள் பிரிவில் பெரும்பாலோர் என்.பி.எஸ்.ஸிலேயே இருந்துவிட்டார்கள். நான் கடைசி வாரத்தில் யு.பி.எஸ். என்று எழுதிக் கொடுத்தேன். மாமனாருடைய பெட்டியின் நினைவுதான் என் கையைப் பிடித்து எழுதவைத்தது என்று சொன்னால் பொய்யாகாது. நான் செய்தது சரியா என்பது 2048 இல் அல்லவா தெரியும்!

நம் இளைஞரைப்போலத் தனியார் கம்பெனியில் இருப்பவர்களின் நிலை இதைவிடக் கடினம். சம்பளம் பெரிது, ஆகவே அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்களுடைய கம்பெனி கட்டும் பங்கில் ஒரு பகுதி ஊழியர் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. 2014 செப்டம்பரில் 15,000 என்று வைத்த சம்பள உச்சவரம்பின்படி கணக்கிட்டால், லட்சம் ரூபாய் சம்பளம் வாங்குபவருக்கும் மாதம் 1,250 ரூபாய்தான் அதில் சேரும். பென்ஷன் கணக்கு எப்படி? 15,000 ஐச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுக்கவேண்டும். முப்பத்தைந்து வருஷம் உழைத்தால் 7,500 ரூபாய்! இதைச் சொன்னவுடன் இளைஞர் திடுக்கிட்டு, "மாதத்துக்கா, வருஷத்துக்கா?" என்றார். மாதத்துக்குத்தான், ஆனால் அவர் இன்று மாதாப்பூரில் கொடுக்கும் வீட்டு வாடகையில் அது பாதிகூட இல்லை. ஆகவே அவருக்கு முதுமையில் சோறு போடப்போவது சேமநிதி ஒன்றே. அதன் பெயரே அதன் வேலையைச் சொல்கிறது.

முன்பெல்லாம் இச்சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வீடு, கலியாணம், வைத்தியம் என்று காரணம் காட்டவேண்டும். 2025 அக்டோபரில் சேமநிதி நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு இவ்விதிகளைத் தளர்த்த முடிவு செய்தது. இருபத்தைந்து சதவீதத்தை விட்டுவைத்துவிட்டு மற்றதை எளிதில் எடுக்கலாம், சில இனங்களில் காரணமே கூறவேண்டாம் என்று. அவசரத்தில் தவிப்பவர்களுக்கு இது நல்ல காரியம். ஆனால் பூட்டு இறுக்கமாக இருந்ததால் பிழைத்த பணம் எவ்வளவு என்பது என் மேஜைக்குத் தெரியும். எடுக்க முடியாமல் அன்று ஆபீஸைத் திட்டியவர்களே ஓய்வு பெறும் நாளில், "நல்ல வேளை, அப்போது கொடுக்கவில்லை" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

வரம்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுச் சேமநிதியில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம்தான் போடலாம்; 2014 முதல் அதுவே வரம்பு. வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். ஊழியர் சேமநிதியில் தம் பங்கைக் கூட்டியும் போடலாம். ஆனால் 2021 ஏப்ரல் முதல், வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பகுதியின் வட்டிக்கு வரி உண்டு. 2024-25 ஆம் ஆண்டுக்கு அதன் வட்டி 8.25 சதவீதம். சங்கத்தில் சில அன்பர்கள் இவ்வரம்புகளைக் குறைகூறி, "சேமிக்கவும் விடமாட்டேன் என்கிறார்களே, ஷேரை விட்டால் வேறு கதி என்ன?" என்று வாதிக்கக் கேட்டிருக்கிறேன். வரம்பைத் தொட்டுவிட்டு மேலும் மிஞ்சியவர் அப்படிப் பேசலாம். என் வீட்டில் ஒன்றரை லட்சத்தைத் தொட்ட வருஷம் ஒன்றுகூட இல்லை என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நம் இளைஞருக்கோ பொதுச் சேமநிதிக் கணக்கே கிடையாது. புதிய வருமானவரி முறையில் அதற்குச் சலுகை இல்லையே என்றார். சலுகைக்காகச் சேமித்த தலைமுறை நாம். சலுகை போனதும் சேமிப்பும் போயிற்று. வட்டிக்கு வரியில்லை என்ற பெரிய சலுகை இன்னும் இருப்பதை மறந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் 401(கே) என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். அங்கே ஓய்வுக்காலச் சேமிப்பு அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. அதற்கும் வருஷாந்தர வரம்பு உண்டு. 2025 இல் ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு 23,500 டாலர். அந்நாட்டில் என்ரான் என்ற பெரிய கம்பெனி 2001 டிசம்பரில் திவாலாயிற்று. அதன் ஊழியர்களுடைய ஓய்வுக்காலச் சேமிப்பில் ஏறக்குறைய அறுபது சதவீதம் அதே என்ரானின் பங்கிலேயே இருந்தது. ஒரே நாளில் வேலையும் போயிற்று, முதுமைக்கு வைத்ததும் போயிற்று. உள்ளே இருப்பவனுக்குத் தெரியாததா என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். சத்யத்தில் ஐம்பதாயிரம் பேர் உள்ளே இருந்தார்கள். பாங்கியில் பணம் இல்லை என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைத்தான் நான் இளைஞரிடம் அழுத்திச் சொன்னேன். "தம்பி, உங்கள் சம்பளம் அந்தக் கம்பெனியில். சேமிப்பையும் அங்கேயே வைத்தால், இடி விழுந்தால் இரண்டிலும் ஒன்றாக விழும். பங்கு இறங்கும் மாதமும் ஆட்குறைப்பு வரும் மாதமும் ஒன்றாகவே இருக்கும்." நாட்டின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான டி.சி.எஸ். 2025 ஜூலையில் சுமார் பன்னிரண்டாயிரம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செப்டம்பரில் அமெரிக்க அரசாங்கம் புதிய எச்-1பி விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றது. செயற்கை அறிவு இத்துறைக்கு வரமா சாபமா என்று துறையிலேயே இருப்பவர்கள் ஒத்த அபிப்பிராயம் சொல்லக் காணோம். விலை இறங்கியிருப்பது இவற்றையெல்லாம் பார்த்துத்தான். இறங்கியதெல்லாம் மலிவு என்று முடிவு கட்டலாகாது.

பங்கே வாங்கக்கூடாதா என்றால், அப்படி நான் சொல்லவில்லை. எங்களைப்போன்ற ரயில்வே ஊழியர்களுக்கு 1966 ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. முதலீடு செய்யலாம், சூதாட்டமாகச் செய்யக்கூடாது, அடிக்கடி வாங்குவதும் விற்பதும் சூதாட்டமாகவே கருதப்படும். ஒரு வருஷத்தில் ஆறு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேற்பட்டுப் பங்கு நடவடிக்கை இருந்தால் மேலதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். தனியாருக்கு இவ்விதி இல்லை. ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் இப்படியொரு விதியை எழுதி, மேலதிகாரியின் ஸ்தானத்தில் மனைவியை வைத்தால் நல்லதென்று எனக்குத் தோன்றுகிறது.

வாங்குவதாயிருந்தால் சிலவற்றையாவது பார்க்கவேண்டும். கம்பெனியின் வருமானம் எத்தனை வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. ஒருவர் போனால் பாதி போய்விடுமா? கம்பெனியை நடத்துபவர்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டே வருகிறார்களா, அடகு வைத்திருக்கிறார்களா? சத்யத்தில் ராஜு குடும்பத்தாரின் பங்கு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. இருந்ததும் அடகில் இருந்தது. அடகு விவரத்தை வெளியிட்டே தீரவேண்டும் என்று செபி கட்டளையிட்டது அதற்குப் பிறகு, 2009 இல்தான். இன்று அவ்விவரம் பங்குச் சந்தை வெளியீடுகளில் எல்லோருக்கும் கிடைக்கிறது, பார்ப்பவர் குறைவு. பாங்கில் ஐயாயிரம் கோடி சும்மா கிடக்கிறதென்று ஒரு கம்பெனி சொன்னால், அதற்குத் தக்க வட்டி வரவில் தெரிகிறதா என்று பார்க்கலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை; மளிகைக் கடைப் பற்றைச் சரிபார்க்கும் புத்தி போதும்.

அன்று இளைஞர் பதில் ஒன்றும் சொல்லாமல், அர்ச்சனைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என் பேச்சு அதிகமாகிவிட்டதோ என்று எனக்கு வருத்தமாயிருந்தது.

சென்ற வாரம் டெலிபோனில் பேசினார். சேமநிதியை எடுக்கவில்லையாம். போனஸ் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்குத் தம் கம்பெனிப் பங்கை வாங்கியிருக்கிறார். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன் என்று இரண்டு முறை சொன்னார். அவர் பேசியது அதற்காக அல்ல. சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தபோது வாரிசு நியமனத்தில் இன்னும் தாயார் பெயர் மட்டுமே இருந்ததாம். கலியாணத்துக்குப் பின் புதிதாக எழுதவேண்டுமா என்று கேட்டார். எழுதவேண்டும், குழந்தை பிறந்த பின் மறுபடியும் திருத்தவேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தம் மனைவியின் ஆதார் நகலை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். கூட இன்னும் மூன்று நண்பர்கள் வருகிறார்களாம். அவர்கள் கணக்கிலும் அதே குறைதானாம்.